அயோவாவில் தோற்ற மூன்று நீதியரசர்களும் அம்பாறையின் வாக்குக் கணக்கும்

2010 நவம்பர் 2 ஆம் திகதி அமெரிக்காவின் அயோவா மாநில வாக்காளர்கள் தங்கள் உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் மூவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரதம நீதியரசர் மார்ஷா டேர்னஸ், நீதியரசர்கள் மைக்கேல் ஸ்ட்ரீட், டேவிட் பேக்கர். இலஞ்சம் வாங்கியதாக இவர்கள் மேல் புகார் இல்லை. வழக்குகளை இழுத்தடித்ததாகவும் யாரும் சொல்லவில்லை. முந்தின வருடம் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கொடுத்த ஒரு தீர்ப்பு வாக்காளர்களில் பெரும்பகுதியினருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதை இலங்கையின் கிழக்கில் இருக்கும் எங்களுக்கு எதற்கு? மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நீதிமன்ற வாசலில் தவணை முடிந்து வெளியே வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு. "எம்.பி.யைக் கேட்கலாம், பிரதேச சபை உறுப்பினரைக் கேட்கலாம், இவரை ஆர் கேக்கிற?" காணி வழக்கொன்றைத் தகப்பன் தொடங்கி மகன் நடத்துகிற ஊரில் இந்தக் கோபம் நியாயமானது. அப்புறம் அடுத்த வாக்கியமும் வரும்: "இவங்களையும் நாமளே வோட்டுப் போட்டு எடுத்தா என்ன?" அப்படி எடுத்துப் பார்த்த இடங்களில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. அதற்கு அயோவா வசதியான உதாரணம். அங்கே களவு வாக்கு இல்லை, வன்முறை இல்லை, எல்லாம் சட்டப்படி நடந்தது.

அயோவாவின் முறை

அயோவாவில் ஒரு காலத்தில் நீதிபதிகள் கட்சித் தேர்தலில்தான் வந்தார்கள். 1962 இல் அரசியலமைப்பைத் திருத்தி அதை மாற்றினார்கள். வெற்றிடம் ஏற்பட்டால் ஒரு தெரிவுக் குழு மூன்று பெயர்களைக் கொடுக்கும், ஆளுநர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார். உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர் குறைந்தது ஒரு வருடம் வேலை செய்த பிறகு, பெயர் வாக்குச்சீட்டில் வரும். எதிர் வேட்பாளர் இல்லை. இவரைப் பதவியில் வைத்திருப்பதா என்ற ஒரே கேள்வி. ஆம் அல்லது இல்லை. தாண்டிவிட்டால் எட்டு வருடம், பிறகு மறுபடியும் அதே கேள்வி.

காகிதத்தில் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொழில் தெரிந்தவர்களிடம். மோசமான ஆளைத் தூக்கும் உரிமை மக்களிடம். 1962 முதல் 2010 வரை ஒரு உயர் நீதிமன்ற நீதியரசர்கூட அந்த வாக்கில் தோற்கவில்லை. பெரும்பாலானோர் அந்தப் பகுதியைப் படிக்காமலே சீட்டை மடித்திருப்பார்கள்.

2009 ஏப்ரல் 3 ஆம் திகதி வார்னம் எதிர் பிரையன் வழக்கின் தீர்ப்பு வந்தது. திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டும் என்று மாநிலச் சட்டசபை 1998 இல் இயற்றிய சட்டம், சமமான சட்டப் பாதுகாப்பு என்ற அயோவா அரசியலமைப்பின் வாக்குறுதிக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் கேடி. இந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இந்த ஆய்வுக்கு அது முக்கியமில்லை. உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு வாசித்தால் விஷயம் இன்னும் நன்றாகப் புரியும்.

அடுத்த வருடம் மூன்று பேரின் முறை வந்தது. மற்ற நால்வருக்கு இன்னும் காலம் இருந்தது. ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் 2010 ஜூனில் தோற்றிருந்த பொப் வாண்டர் பிளாட்ஸ், இந்த மூவருக்கும் எதிராகப் பிரசாரத்தைக் கையில் எடுத்தார். மாநிலத்துக்கு வெளியே இருந்த அமைப்புகள் பணத்தோடு வந்தன, தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடியது, பேருந்து ஊர் ஊராகப் போனது.

மூன்று நீதியரசர்களும் பிரசாரக் குழு அமைக்கவில்லை. பணமும் சேர்க்கவில்லை. இதைச் சிலர் அப்பாவித்தனம் என்றார்கள். ஆனால் அவர்கள் இடத்தில் நின்று யோசியுங்கள். ஒரு நீதியரசருக்குத் தேர்தல் செலவுக்குக் காசு கொடுக்கக்கூடியவர்கள் யார்? அநேகமாகச் சட்டத்தரணிகள். நாளைக்கு அதே சட்டத்தரணி அதே நீதியரசர் முன்னால் எழுந்து நின்று வாதாட வேண்டும். காசு வாங்கினால் நீதிபதியின் மரியாதை போகும். வாங்காவிட்டால் பதவி போகும். அவர்கள் பதவியை விட்டார்கள். மூவருக்கும் எதிராக ஏறக்குறைய 54 முதல் 55 வீதம் வரை "இல்லை" விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. தீர்ப்பு அப்படியே இருந்தது. புதிய ஆளுநர் டெரி பிரான்ஸ்டாட் 2011 இல் வேறு மூவரை நியமித்தார். அதனால் வார்னம் தீர்ப்பு மாறவில்லை, அரசியலமைப்பைத் திருத்தும் முயற்சியும் நிறைவேறவில்லை. 2012 இல் அதே தீர்ப்பில் கையெழுத்திட்ட டேவிட் விக்கின்ஸ் மக்கள் முன் வந்தார், தப்பினார். 2016 இல் தீர்ப்பை எழுதிய கேடியே வந்தார், அவரும் தப்பினார். ஒரே தீர்ப்பு, ஒரே மாநிலம். 2010 இல் முறை வந்தவர்கள் போனார்கள், பிறகு முறை வந்தவர்கள் இருந்தார்கள். இதைப் பொறுப்புக்கூறல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலண்டரில் யாருடைய பெயர் எந்த வருடத்தில் வந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும், அது வெறும் வாதமில்லை. மக்கள் தெரிவு செய்த சட்டசபை இயற்றிய சட்டத்தை ஏழு பேர் தள்ளிவைக்கிறார்கள். அந்த ஏழு பேரை யார் கேட்பது? அரசியலமைப்பே மக்களுக்கு அந்த வாக்கைக் கொடுத்திருக்கிறது, கொடுத்த உரிமையை அவர்கள் பாவித்தார்கள். இதில் எந்த முறைகேடும் இல்லைதான். ஆனால் அந்த வாக்கு நீதிபதியின் நடத்தையை அளப்பதற்கு வைத்த கோல். 2010 இல் அதை வைத்து அளந்தது ஒரு தீர்ப்பின் முடிவை.

பணமும் துண்டுச் சீட்டும்

போட்டி வேட்பாளர்களோடு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களில் நிலைமை இன்னும் வெளிப்படை. மேற்கு வேர்ஜினியாவில் மசி என்ற நிலக்கரி நிறுவனம் 5 கோடி டொலர் நட்டஈட்டு வழக்கில் தோற்றது. மேன்முறையீடு மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால், 2004 தேர்தலில், அந்த நிறுவனத்தின் தலைவர் டொன் பிளாங்கன்ஷிப் ஒரு வேட்பாளருக்காக ஏறக்குறைய 30 இலட்சம் டொலர் செலவழித்தார். அந்த வேட்பாளர் வென்றார். வழக்கு வந்தபோது விலகி நிற்க மறுத்தார். 3 இற்கு 2 என்று நிறுவனம் வென்றது. 2009 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இது செல்லாது என்று சொன்னது, அதுவும் 5 இற்கு 4 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில்.

மெக்சிகோ 2025 ஜூன் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் முதல் கீழே வரை நீதிபதிகளை வாக்குப் போட்டுத் தெரிவு செய்தது. மத்திய மட்டத்தில் மட்டும் 881 பதவிகள். பழைய நீதித்துறையில் உறவினர்களுக்கு வேலை கொடுப்பது பெரிய புண்ணாக இருந்தது, அதனால் மாற்றம் கேட்டவர்கள் எல்லாரையும் அரசாங்கத்தின் ஆட்கள் என்று தள்ள முடியாது. வாக்களிப்பு நாளில் வந்தவர்கள் சுமார் 13 வீதம். கை நிறைய வாக்குச்சீட்டு, கேள்விப்படாத பெயர்கள். யாருக்குப் போடுவது என்று பெயர் எழுதிய மடிப்புத் துண்டுகள் கை மாறின, வென்றவர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தது பெரிய சர்ச்சையானது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தேர்தலில்தான் மிஷ்டெக் பழங்குடியைச் சேர்ந்த ஹூகோ அகிலார் உயர் நீதிமன்றத் தலைவரானார். பழைய நியமன முறை அவரை அந்தக் கதிரையில் இருத்தியிருக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

வாக்கே இல்லாமல் நடந்த அயோவா

சரி, இலங்கையில் நீதிபதிக்கு வாக்குப் போடுவதில்லை, ஆகவே நாம் தப்பினோம் என்று நினைக்கத் தோன்றும். 2012 ஐ மறந்தால் மட்டும் அப்படி நினைக்கலாம்.

திவிநெகும சட்டமூலம் ஞாபகம் இருக்கிறதா? சமுர்த்தி என்ற வறுமை ஒழிப்புத் திட்டம் உட்படச் சில அமைப்புகளை ஒன்றாக்கி, பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் கொண்டுபோகும் சட்டமூலம். மாகாண சபைகளின் விடயங்களைத் தொடுவதால் அதை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க இருந்த உயர் நீதிமன்ற ஆயம் சொன்னது. எங்கள் கிழக்கு மாகாண சபை அப்போதுதான், 2012 செப்டெம்பர் தேர்தலில், புதிதாகத் தெரிவாகியிருந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் அந்தச் சபை கையை உயர்த்தி ஒப்புதல் கொடுத்தது. தன் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டமூலத்துக்குத் தானே சம்மதம். வடக்கில் சபையே இருக்கவில்லை. ஆளுநரின் சம்மதம் போதும் என்ற வழியை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கிழக்கின் அதிகாரத்தைப் பற்றி "கேட்டீர்களா?" என்று கேட்டவர்கள் நாங்கள் வாக்குப் போடாத நீதியரசர்கள். "பரவாயில்லை, கொண்டு போங்கள்" என்றவர்கள் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள்.

2012 நவம்பர் 1 ஆம் திகதி, ஷிராணி பண்டாரநாயக்கவைப் பதவி நீக்கக் கோரி 117 எம்.பி.க்கள் கையெழுத்திட்ட குற்றப் பிரேரணை சபாநாயகரிடம் போனது. 14 குற்றச்சாட்டுகள். சொத்து விபரம், வங்கிக் கணக்கு, கணவர் தொடர்பான விடயங்கள் என்று பட்டியல் நீளம். இவற்றில் விசாரிக்கத்தக்கவை எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்படி விசாரித்தார்கள் என்பதுதான் கேள்வி. விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவில் 11 பேர், அதில் 7 பேர் ஆளும் தரப்பு. டிசம்பர் 6 ஆம் திகதி அவர் நியாயமான விசாரணை இல்லை என்று எழுந்து போனார். எதிர்த்தரப்பின் நால்வரும் விலகினார்கள், அவர்களில் இரா. சம்பந்தனும் ஒருவர். மிச்சமிருந்த எழுவர் டிசம்பர் 8 ஆம் திகதியே அறிக்கையை முடித்தார்கள், மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணம் என்று.

ஒரு நீதியரசரைத் தண்டிக்கும் விசாரணையை நிலையியற் கட்டளையை, அதாவது நாடாளுமன்றத்தின் உள் விதிகளை, வைத்து நடத்த முடியாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வியாக்கியானம் கொடுத்தது. 2013 ஜனவரி 7 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அறிக்கையை இரத்துச் செய்தது. நாடாளுமன்றம் கணக்கில் எடுக்கவில்லை. ஜனவரி 11 ஆம் திகதி 155 இற்கு 49 என்று பதவி நீக்கம் நிறைவேறியது. இரண்டு நாளில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச கையெழுத்து வைத்தார். 15 ஆம் திகதி மொஹான் பீரிஸ் பிரதம நீதியரசராகப் பதவியேற்றார்.

அயோவாவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வாக்காளர்கள் அகற்றினார்கள், இங்கே வாக்காளர்களின் பிரதிநிதிகள். தீர்ப்பு பிடிக்காதபோது கதிரையில் கை வைப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. பதவி நீக்கம் சட்டப்படி செல்லாது, ஆகவே மொஹான் பீரிஸ் ஒருபோதும் பிரதம நீதியரசராக இருந்ததில்லை என்று புதிய ஜனாதிபதி தரப்பு சொன்னது. ஷிராணி பண்டாரநாயக்க மறுபடியும் கதிரையில் இருந்தார், மறுநாள் ஓய்வு பெற்றார். அடுத்து கே. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். எங்கள் பக்கத்தில் இதைப் பலர் கொண்டாடினார்கள். ஒரு தமிழர் அந்த இடத்துக்கு வந்ததில் மகிழ்ச்சி இயல்பு. ஆனால் இரண்டு வருடம் தீர்ப்புச் சொன்ன ஒருவரை விசாரணையே இல்லாமல் "நீ இருந்ததே இல்லை" என்று ஜனாதிபதி செயலகம் சொல்லக்கூடுமென்றால், நாளைக்கு எவரையும் அப்படிச் சொல்லலாம். முதல் பிழையைத் திருத்த இரண்டாவது குறுக்கு வழியை எடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அம்பாறையில் ஒரு வாக்குப் பெட்டி

இனி வாசலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நீதிபதியை நாமே தெரிவு செய்தால்?

அம்பாறை மாவட்டத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி, முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. இங்கே ஏழு எம்.பி.க்கள். 2020 பொதுத் தேர்தலில் தமிழ் வாக்குகள் பிரிந்து ஒரு தமிழர்கூட நேரடியாகத் தெரிவாகவில்லை, தேசியப் பட்டியலால் ஒரு ஆசனம் வந்தது. நாடாளுமன்றத்துக்குத் தேசியப் பட்டியல் இருக்கிறது. நீதிமன்றக் கதிரைக்கு அப்படி ஒன்று இருக்காது.

அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பக்கம், தமிழர் ஊரான பாண்டிருப்பில் ஒருவருக்கும் முஸ்லிம் ஊரான மருதமுனையில் ஒருவருக்கும் வேலி எல்லையில் வழக்கு என்று வையுங்கள். இப்போது கல்முனை நீதிமன்றத்துக்குப் போகும்போது இருவரும் கேட்பது, நீதிபதி எந்த ஊர், கெட்டிக்காரரா, தவணையை இழுப்பாரா என்பவைதான். தேர்தலில் வந்த நீதிபதியென்றால் முதல் கேள்வி எந்தப் பக்கத்து வாக்கில் வந்தார் என்பதாக இருக்கும். கல்முனை வடக்கு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினைக்கு 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை போன ஊர் இது. ஒரு பிரதேச செயலகத்தின் தரத்தையே இப்படி எண்ணிப் பார்க்கிற இடத்தில் நீதவானை எண்ணாமல் விடுவார்களா?

மட்டக்களப்பில் தமிழர் நூற்றுக்கு எழுபதுக்கு மேல், ஆகவே நமக்கு நல்லதுதானே என்று ஒருவர் சொல்லக்கூடும். காத்தான்குடியில் இருந்தோ ஏறாவூரில் இருந்தோ வழக்குக்கு வருகிற முஸ்லிம் நம் நீதிமன்றத்தில் எங்கே நிற்பார் என்று அவர் யோசிக்க வேண்டும். அம்பாறையில் நமக்கு வரும் பயம் அங்கே அவருக்கு வரும். தமிழருக்குள்ளேயே பிரச்சினை இல்லை என்றும் இல்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைத் தெரிவதில் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழி வம்சத்துக்கு, முறை என்று மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிற சனம் நாம். அந்த வழக்கைக் கேட்கிற நீதிபதியே குடி வாக்கில் வந்தவரென்றால் பிறகு எங்கே போவது?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் உட்கார்ந்தார்கள். பண்ணையாளர்கள் மட்டக்களப்பு வாக்காளர்கள். அங்கே பயிர் செய்ய வந்தவர்களில் பலர் வேறு மாவட்டத்தவர். மட்டக்களப்பு வாக்கில் வந்த நீதிபதி பண்ணையாளர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், பொலன்னறுவையில் அதை வாசிப்பவர் "அவர்களுடைய ஆள் அப்படித்தான் எழுதுவார்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். சிறுபான்மைக்கு நீதிமன்றத்தில் இருக்கும் ஒரே பலம், தீர்ப்பை எழுதியவர் நம்முடைய ஆள் இல்லை என்பதுதான். தேர்தல் அந்தப் பலத்தைத்தான் முதலில் எடுத்துவிடும்.

இப்படிச் சொல்வதால் இப்போதுள்ள முறை நல்லது என்று ஆகாது. முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா உயிர் அச்சுறுத்தலும் அழுத்தமும் இருப்பதாக எழுதி 2023 செப்டெம்பரில் பதவி விலகினார். விகாரை கட்டுவது பற்றிய குருந்தூர்மலை வழக்கில் அவருடைய கட்டளைகளை நாடாளுமன்றத்திலேயே தாக்கிப் பேசியிருந்தார்கள். அவருக்கு நீதி கேட்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி வடக்கு கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. வாக்கு இல்லாமலே ஒரு நீதிபதியை அசைக்க வழிகள் உண்டு.

எந்தக் கணக்கைக் கேட்கலாம்?

வாசலில் கோபப்படுகிற மனிதனுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பார்த்தால், நீதிபதியைத் தூக்க வேண்டும் என்பது அவருடைய பட்டியலில் கடைசியில்தான் இருக்கும். தவணை ஏன் மறுபடியும் போனது? நேற்று வரை இருந்த நீதவான் ஏன் திடீரென்று இடம் மாறினார், பாதி கேட்ட வழக்கை இனி யார் கேட்பது? இடமாற்றம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில். பிரதம நீதியரசரும் இரண்டு உயர் நீதிமன்ற நீதியரசர்களும் கொண்டது அது. அரசியல்வாதியிடம் இல்லாமல் அவர்களிடம் இருப்பது சரி. ஆனால் காரணம் ஊருக்குத் தெரிவதில்லை. இடமாற்றத்துக்கு ஒரு பத்தி காரணம் எழுதி வெளியிட்டால் சுதந்திரம் எதுவும் கெடாது. எந்த நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு எத்தனை வருடமாகக் கிடக்கிறது என்று வருடா வருடம் ஒட்டிவிடுவதும் அப்படித்தான்.

தாங்களே தெரிவு செய்கிற சுகம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபைகளில் இரு தரப்பும் மத்தியஸ்தர்களைத் தெரிவு செய்யலாம். அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் அவர்கள் தீர்ப்புச் சொல்லி யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. இருவரும் உடன்பட்டால்தான் தீர்வு.

நீதியரசரை அகற்றும் விடயத்தில் மிச்சமிருக்கும் வேலை இன்னும் பெரியது. 2025 ஆகஸ்டில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனை நாடாளுமன்றம் அகற்றியது, ஆதரவாக 177 வாக்கு, எதிராக எதுவுமில்லை. அதற்கு முன்னால் 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு உயர் நீதிமன்ற நீதியரசர் தலைமையில் குழு அமைத்து விசாரித்தார்கள். குற்றச்சாட்டைக் கொண்டுவந்தவர்களே விசாரணைக் கதிரையிலும் இருக்கவில்லை. பொலிஸ் மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் இப்படி ஒரு சட்டம் எழுதத் தெரிந்த நாடு, பிரதம நீதியரசருக்கு அதை எழுதவில்லை. அரசியலமைப்பின் 107 ஆம் உறுப்புரை "சட்டத்தினால் அல்லது நிலையியற் கட்டளைகளினால்" என்று இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. 2013 இல் நுழைந்தது இரண்டாவது கதவால். எழுத வேண்டிய சட்டத்துக்கு மாதிரி வெளிநாட்டில் தேடத் தேவையில்லை, 2002 ஆம் ஆண்டின் சட்டத்தைப் பக்கத்தில் வைத்து எழுதலாம்.

கடைசியாக மொழி. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். மட்டக்களப்பில் வழக்கு தமிழில் ஓடும், தீர்ப்பும் தமிழில் வரும். அது கொழும்புக்கு மேன்முறையீட்டில் ஏறினால் முடிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இறங்கும். வாகரையில் காணியை இழந்தவர் ஏன் இழந்தார் என்பதைத் தன் சட்டத்தரணி சொல்லித்தான் அறிகிறார், அதற்கும் அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வர வேண்டும். தீர்ப்பு வருகிற அன்றைக்கே அதன் காரணங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கத்தில் எழுதி வழக்காளியின் கையில் கொடுக்கச் சொல்வதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.